பிள்ளைக்கு அடிக்கடி வயிற்று வலியா?

"அம்மா, வயிறு வலிக்குதும்மா... இன்னிக்குப் பள்ளிக்கூடம் போகலைம்மா."

விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இந்தக் குரலைக் கேட்காத தாய்மார்கள் நம் தோட்டங்களில் குறைவு. "மட்டம் போட நடிக்கிறான்" என்று சிலர் அதட்டுவார்கள். "பூச்சிதான்" என்று சிலர் விளக்கெண்ணெயை ஊற்றிவிடுவார்கள். இரண்டுமே அவசர முடிவு.

1958-இல் இங்கிலாந்தில் ஜான் ஏப்ளி என்ற குழந்தை மருத்துவர் தம் துணையாளருடன் 1,000 பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்து எழுதினார். ஏறக்குறைய பத்தில் ஒரு பிள்ளைக்கு அடிக்கடி வயிறு வலித்தது. ஆகவே இது நம் லயத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் வந்த நோயல்ல.

முதலில் பூச்சி. வெளியே மலம் கழித்தால் பூச்சி முட்டை மண்ணில் கலக்கிறது. அந்த மண் நகக்கண்ணில் ஒட்டி, வாய்க்குப் போகிறது. உருண்டைப் பூச்சி 30 சென்டிமீட்டருக்கு மேலும் வளரும். நிறையச் சேர்ந்தால் குடலையே அடைத்துவிடும். கொக்கிப் புழு வெறுங்காலைத் துளைத்து உள்ளே நுழைந்து இரத்தத்தை உறிஞ்சும். பிள்ளை வெளுத்துச் சோர்ந்துபோகும். இதற்குக் கிளினிக்கில் மருந்து உண்டு. ஆனால் சிலிப்பரும் சவர்க்காரமும் கழிவறையும் இல்லாவிட்டால் பூச்சி திரும்ப வந்துவிடும்.

அடுத்தது மலச்சிக்கல். பள்ளிக் கழிவறை அசுத்தமாக இருந்தால் பிள்ளை அடக்கிக்கொண்டே இருக்கும். தண்ணீர், கீரை, பப்பாளி கொடுங்கள். சிறுநீர் போகும்போது எரிச்சல் இருந்தால் அதையும் சோதிக்க வேண்டும்.

பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சோதித்துப் பார்த்தாலும் நோய் ஒன்றும் தெரியாது. தொப்புளைச் சுற்றி வலி வரும், போகும். பரீட்சை பயம், பள்ளியில் கேலி, வீட்டில் அப்பா குடித்துவிட்டுப் போடும் சண்டை இவையெல்லாம் அந்த வலியைக் கூட்டும். குடலின் நரம்புக்கும் மனத்துக்கும் அவ்வளவு தொடர்பு. வலி பொய்யில்லை, பிள்ளையை அடிக்காதீர்கள்.

ஆனால் சில அடையாளங்களை அலட்சியம் செய்யக்கூடாது. எடை குறைவது, மலத்தில் இரத்தம், விடாத காய்ச்சல், பச்சையாக வாந்தி, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, தொப்புளை விட்டுத் தள்ளி ஒரே இடத்தில் வலி இவற்றில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். தொப்புளில் தொடங்கிய வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கி, வாந்தியும் காய்ச்சலும் சேர்ந்தால் அது குடல்வால் அழற்சியாக இருக்கலாம். அப்போது விளக்கெண்ணெய் கொடுக்காதீர்கள், வயிற்றை நீவாதீர்கள். குடல்வால் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. பச்சை வாந்தி என்றாலும் இந்த வலி என்றாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

"வேலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் சம்பளம் போயிடுமே" என்ற கவலை நியாயம்தான். அதனால்தான் சொல்கிறோம்: எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது, வெளிக்குப் போனாயா, பள்ளியில் என்ன நடந்தது என்ற நாலு கேள்விகளைப் பிள்ளையிடம் மெதுவாகக் கேளுங்கள். எந்த வலிக்குப் பொறுக்கலாம், எந்த வலிக்கு ஓடவேண்டும் என்பது அந்தப் பதிலிலேயே பாதி தெரிந்துவிடும்.