பீடி தொடாதவருக்கும் மூச்சு அடைக்கும்

"பீடி, சிகரெட் பழக்கம் உண்டா?" மூச்சிரைப்போடு வருபவரிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி. "இல்லீங்க" என்றதும் பேச்சு அலர்ஜி, வயசு என்று திரும்பிவிடுகிறது. என்ன வேலை என்று யாரும் கேட்பதில்லை. அமெரிக்க, ஐரோப்பிய நுரையீரல் மருத்துவ அமைப்புகள் 2019-ல் சேர்ந்து வெளியிட்ட அறிக்கைப்படி, சிஓபிடி எனும் நாள்பட்ட மூச்சடைப்பு நோயில் சுமார் 14 சதவீதம் வேலையிடத்துத் தூசி, புகை, ஆவியால் வருவது. புகைக்காதவர்களை மட்டும் எடுத்தால் அது 31 சதவீதம்.

லீவு முடிந்த மறுநாள்

கோவை வட்டார நூற்பாலைகளில் தூசி அதிகம் பறப்பது பஞ்சுப் பொதியைப் பிரித்துச் சுத்தம் செய்யும் ப்ளோரூமிலும், அடுத்து அதைச் சீவும் கார்டிங்கிலும். பஞ்சோடு இலைத்துணுக்கும், அதில் ஒட்டிய பாக்டீரியாவின் நச்சும் மூச்சில் ஏறுகின்றன. வார லீவு முடிந்து வேலைக்குப் போன அன்று, சில மணி நேரத்தில் நெஞ்சைப் பிடிக்கும்; மறுநாள் குறையும். பிசினோசிஸ் எனும் பஞ்சுத்தூசி நோயின் தொடக்க அடையாளம் இது. மருத்துவ நூல்கள் 'திங்கள்கிழமை நோய்' என்கின்றன. நம் மில்களில் ஆளுக்கொரு நாள் லீவு, ஆகவே கிழமையைப் பார்த்துப் பயனில்லை. வருடங்கள் போகப்போக இறுக்கம் வாரம் முழுக்க நீடிக்கும். பிறகு வேலையை விட்டாலும் முழுதாகத் தீராது.

கல்குவாரி, வெல்டிங் பட்டறை, மாவு மில், விறகடுப்பில் சமைக்கும் ஓட்டல் ஆகியவற்றிலும் ஆபத்து உண்டு.

எக்ஸ்ரே பொய் சொல்லும்

பஞ்சுத்தூசி நோயில் எக்ஸ்ரே பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். தேவை ஸ்பைரோமெட்ரி. மூச்சை நிறைய இழுத்து, குழாயில் பலங்கொண்ட மட்டும் ஊத வேண்டும். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும், ஊதிய மொத்தக் காற்றில் முதல் நொடியில் வருவது 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அடைப்பு என்று கொள்ளலாம். ஷிப்டுக்கு முன்னும் பின்னும் ஊதிப் பார்த்தால் இன்னும் தெளிவாகும்.

கைக்குட்டை காக்காது

முகத்தில் கட்டும் துணி பெரிய பஞ்சைத்தான் தடுக்கும். நுண்தூசி உள்ளே போய்விடும். சரியான முகக்கவசம்கூட இரண்டாம் காவல்தான். தூசியை எந்திரத்திலேயே உறிஞ்சி எடுப்பது முதலாளியின் பொறுப்பு. காற்றுக் குழாயால் எந்திரத்தை ஊதிச் சுத்தம் செய்வது, படிந்ததை மீண்டும் மூச்சில் ஏற்றுவதே.

நம் நாட்டுச் சட்டம் பிசினோசிஸைத் தொழில்சார் நோயாக ஏற்றிருக்கிறது. நிவாரணம் கேட்க வழியுண்டு. ஆனால் எந்தப் பிரிவில், எத்தனை வருடம் வேலை பார்த்தீர்கள் என்பது மருத்துவச் சீட்டில் இல்லாவிட்டால் வழக்கு நிற்பது கடினம். மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லி எழுத வையுங்கள்.