ஆள் வராததால் அப்பீல் தள்ளுபடியா? 30 நாளில் மனு போட்டால் மறுபடியும் உயிர் வரும்!

"அப்பீல் போட்டாச்சு. இனி எல்லாம் வக்கீல் பார்த்துக்குவார்."

கீழ்க்கோர்ட்டில் தோற்ற பலர் இப்படி நினைத்து நிம்மதியாக ஊருக்கு போய் விடுகிறார்கள். ஒன்றிரண்டு வருடம் ஓடி விடுகிறது. ஒருநாள் கோர்ட்டு அமீனா வாசலில் வந்து நிற்கும்போதுதான் விஷயமே தெரிகிறது. அப்பீல் எப்போதோ தள்ளுபடி ஆகிவிட்டது!

காரணம் சின்னதுதான். அப்பீலை விசாரணைக்கு கூப்பிட்ட நாளில் அப்பீல் போட்டவரும் வரவில்லை, அவர் வக்கீலும் வரவில்லை. கோர்ட்டு வட்டாரத்தில் இதை "டீபால்ட் டிஸ்மிஸ்" என்பார்கள்.

வரப்பு தகராறோ, வீட்டு பாகப்பிரிவினையோ, இப்படி தள்ளுபடியான சிவில் அப்பீலை மறுபடியும் விசாரணைக்கு கொண்டு வர முடியுமா? முடியும். ஆனால் நாள் கணக்கு தப்பக்கூடாது.

சட்டம் சொல்வது என்ன?

1908-ம் ஆண்டு சிவில் நடைமுறை சட்டத்தில் 41-வது கட்டளையின் 17-வது விதிப்படி, அப்பீல்தாரர் வராவிட்டால் கோர்ட்டு அப்பீலை தள்ளுபடி செய்யலாம். ஆனால் "உன் கேஸில் நியாயம் இல்லை" என்று உள்ளே புகுந்து தீர்ப்பு சொல்லக்கூடாது. 1976-ம் ஆண்டு கொண்டு வந்த திருத்தம் இதை தெளிவாகவே சொல்லி விட்டது. அதாவது உங்கள் நியாயத்தை கோர்ட்டு இன்னும் கேட்கவே இல்லை. அதனால்தான் கதவு திறந்திருக்கிறது.

அந்த கதவு, அதே கட்டளையின் 19-வது விதி. அப்பீலை தள்ளுபடி செய்த அதே கோர்ட்டில் மனு போட வேண்டும். வர முடியாமல் போனதற்கு "போதுமான காரணம்" இருந்தது என்று காட்டினால் கோர்ட்டு அப்பீலை மறுபடியும் ஏற்கும். எதிர்த்தரப்புக்கு செலவுத்தொகை கட்டச் சொல்லவும் செய்யலாம்.

30 நாள் கெடு

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். மனு போட 30 நாள்தான் அவகாசம். அதுவும் உங்களுக்கு விஷயம் தெரிந்த நாளில் இருந்து இல்லை, தள்ளுபடியான நாளில் இருந்து! கடைசி நாள் கோர்ட்டு விடுமுறை என்றால் மட்டும், கோர்ட்டு திறக்கும் நாளில் போடலாம்.

கெடு தாண்டிப் போச்சா? அப்போதும் வழி இருக்கிறது. காலவரையறை சட்டத்தின் 5-வது பிரிவில் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி தனி மனு சேர்த்து போட வேண்டும். ஏன் தாமதம் என்று பிரமாண வாக்குமூலத்தில் விளக்கமாக சொல்லணும். ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள் என்றால் டிஸ்சார்ஜ் சீட்டை இணையுங்கள். இல்லாததை ஜோடித்து சொன்னால் மாட்டிக்கொள்வீர்கள்.

வக்கீல் தப்புக்கு கட்சிக்காரர் பலியா?

1981-ல் சுப்ரீம் கோர்ட்டுக்கு இப்படி ஒரு கேஸ் போனது. அலகாபாத் ஐகோர்ட்டில் வக்கீல் வராததால் அப்பீல் போய்விட்டது. வக்கீல் வைத்து, தன்னால் முடிந்ததை எல்லாம் செய்த கிராமத்து கட்சிக்காரர், வக்கீல் செய்த தப்புக்கு தண்டனை அனுபவிக்கக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு அப்பீலுக்கு மறுபடியும் உயிர் கொடுத்தது. செலவுத்தொகை ரூ.200-ஐ வராத வக்கீல் தலையிலேயே கட்டியது.

நம்ம சென்னை ஐகோர்ட்டில் இருந்து போன கேஸ் ஒன்றில் 1998-ல் தீர்ப்பு வந்தது. அது அப்பீல் இல்லை. ஒருதலைப்பட்ச தீர்ப்பை ரத்து செய்யக்கேட்ட மனு. அதுவும் ஆள் வராமல் தள்ளுபடி ஆனது. மறுபடியும் மனு போட்டபோது தாமதம் 883 நாள்! எத்தனை நாள் என்பது பெரிதல்ல, சொல்லும் காரணம் ஏற்கும்படி இருக்கிறதா என்பதுதான் முக்கியம் என்றது சுப்ரீம் கோர்ட்டு. எதிர்த்தரப்புக்கு ரூ.10 ஆயிரம் கட்டச் சொல்லி தாமதத்தை மன்னித்தது.

இதைக் கேட்டு "எல்லாம் வக்கீல் தப்பு" என்று சொல்லி தப்பித்து விடலாம் என்று நினைக்காதீர்கள். 1993-ல் ஒரு கம்பெனி அப்படி சொன்னபோது, நீங்கள் ஒன்றும் விவரம் தெரியாத கிராமத்துக்காரர் இல்லையே என்று சுப்ரீம் கோர்ட்டு ஏற்க மறுத்து விட்டது.

தடை உத்தரவும் போய்விடும்

அப்பீல் போனால் அதில் வாங்கிய தடை உத்தரவும் கூடவே போய்விடும். எதிரி நிறைவேற்று மனு போட்டு சொத்தை சுவாதீனம் எடுக்க இறங்கி விடுவார். அதனால் மீட்பு மனுவோடு தடை கேட்டும் ஒரு மனு போட்டு விடுங்கள்.

மீட்பு மனுவையும் கோர்ட்டு தள்ளுபடி செய்துவிட்டால்? 43-வது கட்டளைப்படி அந்த உத்தரவை எதிர்த்து மேல்கோர்ட்டில் அப்பீல் போடலாம். நேராக இரண்டாவது அப்பீல் போடுவது செல்லாது. ஆள் வராததால் ஆன தள்ளுபடியை சட்டம் "டிகிரி" என்று கணக்கில் எடுப்பது இல்லை.

நீங்களே பார்க்கலாம்

வாய்தா தேதிக்கு வக்கீல் குமாஸ்தாவை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். ஒவ்வொரு கேசுக்கும் 16 இலக்க சி.என்.ஆர். நம்பர் உண்டு. வக்கீலிடம் கேட்டு எழுதி வைத்துக் கொள்ளுங்கள். இ-கோர்ட்ஸ் செல்போன் செயலியில் அதைப் போட்டால், அடுத்த வாய்தா எப்போது, கேஸ் நடக்கிறதா முடிந்துவிட்டதா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அடிக்கடி பார்த்து வந்தால் 30 நாள் கெடு கைநழுவாது.

வக்கீல் வைக்க வசதி இல்லையா? தாலுகா கோர்ட்டு வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் குழுவை அணுகலாம். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பு இல்லாமலே இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற நம்பரில் போன் செய்தும் கேட்கலாம்.

அப்பீல் போட்டதோடு வேலை முடியவில்லை. தேதியை பார்த்துக்கொள்வதும் கட்சிக்காரர் வேலைதான்!