முகில் தங்கும் மேட்டுநிலம்

ஈழத்தின் மத்திய மலைநாட்டிலே, கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 2,100 மீற்றர் உயரத்திற் பரந்து கிடப்பது ஓட்டன் சமவெளி. கிரிகல்பொத்தை, தொட்டுபொலை என்னும் சிகரங்கள் அதன் அயலில் உயர்ந்து நிற்கின்றன. புல்வெளிகளில் மரைகள் மேய்கின்றன. விடியற்காலையில் வானம் தெளிந்திருப்பின், ‘உலக முடிவு’ எனப்படும் செங்குத்துப் பாறையின் விளிம்பில் நிற்போர் தென்திசைத் தாழ்நிலங்களைக் காணலாம். பொழுது ஏற ஏற, முகில் மேலெழுந்து அக்காட்சியை மறைத்துவிடும்.

காட்சியை மறைக்கும் முகிலே அந்நிலத்தை வாழ்விப்பதுமாகும். அங்குள்ள மரங்கள் குறுகி வளைந்தவை. அவற்றின் கிளைகளிற் பாசி அடர்ந்து படர்ந்திருக்கும். கடந்து செல்லும் முகிலின் நுண்டுளிகள் இலையிலும் பாசியிலும் படிந்து திரண்டு நிலத்திற் சொட்டுகின்றன. மழையில்லாத நாளிலும் காடு நீர் பெறுவது இவ்வாறே. மகாவலி, களனி, வளவை ஆகிய ஆறுகளுக்கு நீரூட்டும் ஓடைகள் இம்மேட்டுநிலத்திலே தோன்றுகின்றன.

கோப்பித் தோட்டங்களுக்காக மலைக்காடுகள் அழிக்கப்பட்டுவந்த காலத்தில், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளைத் தொடாது விடுமாறு தாவரவியலறிஞர் யோசேப்பு ஊக்கர் 1873 ஆம் ஆண்டில் அறிவுறுத்தினார். 1988 இல் இச்சமவெளி தேசிய வனமாயிற்று. 2010 இல் உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது. எனினும், காட்டின் சில பகுதிகளில் மரங்கள் நுனியிலிருந்து பட்டுப்போகின்றன. மரம் பட்ட இடத்தில் முகில் நீரை விடாது கடந்துபோகும். ஆதலின், இங்கே காக்கப்பட வேண்டியது கண்ணுக்கினிய காட்சி மட்டுமன்று. இச்சமவெளியை ஒருநாளும் காணாத உழவனின் வாய்க்கால் நீருமாகும்.