முழங்கை முனையில் ஒரு நீர்ப்பை

மேசைமேல் முழங்கையை ஊன்றி, கன்னத்தைக் கையில் தாங்கியவாறு படிப்பது மாணவர் பலருக்கும் உள்ள வழக்கம். வகுப்பில் அவ்வாறு அமர்ந்த பிள்ளைகளை நான் கண்டித்தது உண்டு. அது சோம்பலின் அடையாளம் என்பது அந்நாளில் என் எண்ணம். ஆயினும் அதே வழக்கம் என்னிடமும் இருந்தது. ஓய்வு பெற்றபின் காலை முதல் மாலை வரை என் பழைய தேக்கு மேசையே கதியென்று படிக்கலானேன். ஒருநாள் குளிக்கும்போது வலது முழங்கையின் முனையில் எலுமிச்சங்காய் அளவில் மெத்தென்ற வீக்கம் ஒன்று கையில் தட்டுப்பட்டது. வலி பெரிதாக இல்லை. ஆனால் எட்டு மாதங்கள் ஆகியும் அது முற்றிலும் நீங்கவில்லை.

அவ்வீக்கம் யாது? முழங்கையை மடக்கினால் பின்புறம் எலும்பின் முனை ஒன்று கூர்மையாகப் புலப்படும். அவ்வெலும்புக்கும் அதன்மேல் உள்ள தோலுக்கும் இடையே மெல்லிய சுவருடைய பை ஒன்று உண்டு. மருத்துவர் அதனைப் ‘பர்சா’ என்பர். இலத்தீனில் அதற்குப் பை என்பது பொருள். நாம் காசு வைக்கும் ‘பர்ஸ்’ என்பதும் அச்சொல்லின் வழித்தோன்றலே. அதனுள் வழவழப்பான நீர் மிகச் சிறிதளவு இருக்கும். எலும்பின்மேல் தோல் உராயாமல் நழுவிச் செல்ல அது துணைபுரிகிறது. இத்தகைய பைகள் நம் உடலில் நூற்றுக்கும் மேற்பட்டவை உள்ளன. ஓயாத அழுத்தமோ அடியோ நேரும்போது பையின் சுவர் அழற்சியுற்று, நீரை மிகுதியாகச் சுரக்கிறது. இதுவே ‘பர்சைட்டிஸ்’. பை மூட்டுக்கு வெளியே இருப்பதால் கையை மடக்கி நீட்டுவதில் பெரும்பாலும் தடை இராது.

ஆங்கில மருத்துவ நூல்களில் இதற்கு ‘மாணவர் முழங்கை’ என்றே ஒரு பெயர் உண்டு. ‘சுரங்கத் தொழிலாளர் முழங்கை’ என்பது மற்றொரு பெயர். பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கங்களில், நிமிர்ந்து நிற்க இடமில்லாத தாழ்ந்த அடுக்குகளில், ஒருக்களித்துப் படுத்து முழங்கையை ஊன்றிக் கரி வெட்டியவர்களுக்கு இந்நோய் வந்தது. அந்நாட்டுச் சட்டமும் இதனைத் தொழிலால் வரும் நோய்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. அவர்கள் உழைத்துப் பெற்ற நோயை நான் நாற்காலியில் அமர்ந்தே பெற்றேன்!

முதலில் சென்ற மருத்துவர் ஊசியால் நீரை எடுத்தார். வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர். வீக்கம் அன்றே அடங்கிற்று. இரண்டு வாரங்களில் பழையபடி நிரம்பிவிட்டது. மருத்துவரைக் குறைகூறிக்கொண்டு, நீவிவிட்டால் கரையும் என்று உறவினர் சொன்னதையும் செய்து பார்த்தேன்; வீக்கம் கூடியதே மிச்சம். அறுத்து எடுத்துவிட வேண்டும் என்ற முடிவோடுதான் அறுவை மருத்துவர் ஒருவரை நாடினேன். இளைஞரான அவர் கையைத் தொடுமுன் ஒன்று கேட்டார்: “ஐயா, படிக்கும்போது இந்தக் கையை எங்கே வைப்பீர்கள்?” விடை கூற எனக்கு நாணமாக இருந்தது. நீரை எடுத்த மறுநாள் காலையே அம்முழங்கை மேசைமேல் இருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அவர் எல்லா வழிகளையும் விளக்கினார். ஊசியால் நீரை எடுத்தால் நீரைச் சோதித்து, கிருமி உண்டா, யூரிக் அமிலப் படிகங்கள் உண்டா என்று அறியலாம். ஆனால் ஒவ்வொரு முறை குத்தும்போதும் கிருமி உட்புக ஒரு வாயில் திறக்கிறது. ஸ்டீராய்டு மருந்தைப் பைக்குள் செலுத்தினால் வீக்கம் விரைவில் வற்றக்கூடும். ஆயினும் அவ்விடத்துத் தோல் மெலிந்துபோவதும் உண்டு. அழற்சி தணிக்கும் மாத்திரைகள் என் வயதில் வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் தீங்கு செய்யலாம். பையை அறுத்து எடுப்பது கடைசி வழி. முழங்கை முனையில் தோல் மெல்லியது. கையை மடக்கும்போதெல்லாம் அது இழுபடும். ஆதலின் புண் ஆறத் தாமதமாகும். எடுத்த பின்னும் வீக்கம் திரும்புவது உண்டு.

ஒன்றை மட்டும் அவர் அழுத்திச் சொன்னார். வீக்கம் சிவந்து, சூடேறி, தொட்டால் கடுமையாக வலித்து, காய்ச்சலும் சேர்ந்தால் ஒருநாள்கூடக் காத்திருத்தல் ஆகாது. தோலில் வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் என்னும் கிருமி, சிறு சிராய்ப்பின் வழியாகவே உட்புகுந்துவிடும். அப்போது நுண்ணுயிர்க்கொல்லி மருந்து இன்றியமையாதது. மைதானத்தில் விழுந்து முழங்கையைத் தேய்த்துக்கொள்ளும் பிள்ளைகள் இதனை நினைவில் வைக்க வேண்டும்.

எனக்கு அத்தகைய குறி ஏதும் இல்லை. ஆகவே அறுவையை ஒத்திவைத்தோம். முழங்கைக்கு மெத்தையுறை, இறுக்கமில்லாத கட்டு, மேசைக்கு அப்பால் புத்தகத் தாங்கி ஒன்று: இவையே மருத்துவம். மாதங்கள் ஆகலாம் என்றார். மூன்று மாதங்கள் ஆகிவிட்டன. எலுமிச்சங்காய் இப்போது கொட்டைப்பாக்கு அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. அடுத்த மாதம் மீண்டும் காட்ட வேண்டும். இவ்வுரையை எழுதும்போதும் இருமுறை முழங்கை தானாக மேசைக்குச் சென்றது. இருமுறையும் என் மனைவி பார்த்துவிட்டாள்.