மாரி ஓய்ந்த பின் மைதானம் யாருக்கு? பிள்ளைகளுக்கா, பார்த்தீனியத்துக்கா?

தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறையில் பட்டங்கள் ஏறுகின்றன. அதைத் தொடர்ந்து பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் களைகட்டும். பங்குனியில் யாழ். மத்திய கல்லூரியும் சென். ஜோன்ஸ் கல்லூரியும் மோதும் ‘வடக்கின் பெரும் சமர்’ வரும். வடக்கில் வெளியில் இறங்கி விளையாடவும், மாலையில் நாலு எட்டு நடக்கவும் ஏற்ற காலம் இதுதான். மழை ஓய்ந்திருக்கும், சித்திரை வெயில் இன்னும் தொடங்கியிருக்காது.

களைகளுக்கும் இதுவே நல்ல காலம். மாரி மழையில் முளைத்தவை தை பிறக்கும்போது முழங்கால் உயரத்துக்கு நிற்கும். அவற்றில் பல தொல்லையற்றவை. கீழ்க்காய்நெல்லி, குப்பைமேனி, மூக்கிரட்டை போன்றவற்றைத் தேடிப் பிடுங்கிச் செல்வோரும் உண்டு. வெறுங்காலுடன் ஓடும் பிள்ளைகளுக்கு நெருஞ்சி முள் ஒரு தொல்லை. ஆனால் மைதானத்தையே விட்டுக்கொடுக்க வைக்கும் களை ஒன்றுதான்: பார்த்தீனியம்.

அமெரிக்கக் கண்டத்தின் வெப்ப வலயத்தைச் சேர்ந்த இந்தச் செடி 1950களில் இந்தியாவின் புனே பகுதியில் அவதானிக்கப்பட்டு, பின்னர் அந்நாடு முழுவதும் பரவியது. இலங்கையில் 1999இல் வவுனியாவில் இது இனங்காணப்பட்டது. 1987 முதல் 1990 வரை இங்கிருந்த இந்திய அமைதிப்படையின் ஆடுகளுடனும் தளபாடங்களுடனும் இது வந்திருக்க வேண்டும் என்பது பரவலான நம்பிக்கை. எப்படி வந்திருந்தாலும், இன்று வீதியோரம், தோட்டம், கோவில் வீதி, மைதானம் என எங்கும் அது நிற்கிறது.

பூக்கும் முன் இதன் இலை கரட் இலையைப் போல் பிளவுபட்டு, தரையோடு வட்டமாகப் படர்ந்திருக்கும். பின்னர் தண்டு உயர்ந்து, நுனியில் சின்னஞ்சிறு வெள்ளைப் பூக்கள் கொத்தாக வரும். பார்க்க அழகானதுதான். ஆனால் அதிலுள்ள பார்த்தெனின் என்ற இரசாயனம் தோலில் அடிக்கடி பட்டால் கடியும் சிவப்பும் கொப்புளமும் வரலாம். முகம், கழுத்து, கண்ணிமை என்பன கூடுதலாகப் பாதிக்கப்படும். மகரந்தம் மூச்சோடு உள்ளே போனால் தும்மலும், சிலருக்குத் தொய்வும் வரும். புதருக்குள் போன பந்தை எடுக்கக் கை விடும் பிள்ளைக்கும், அதிகாலையில் மைதானத்தைச் சுற்றி நடக்கும் முதியவருக்கும் இது உடல்நலப் பிரச்சினை.

நான்கு கிழமைக் கணக்கு

முளைத்து ஏறக்குறைய நான்கு முதல் எட்டுக் கிழமைகளுக்குள் இது பூத்துவிடும். நன்கு வளர்ந்த ஒரு செடி 15,000க்கும் அதிகமான விதைகளைத் தரக்கூடியது. மண்ணுக்குள் புதையும் விதைகள் சில ஆண்டுகள் வரை உயிரோடிருக்கும். எனவே வருடத்துக்கு ஒரு தடவை, போட்டிக்கு முதல் வாரம் செய்யும் சிரமதானத்தால் பலன் குறைவு. அப்போது செடி பூத்து விதையும் கொட்டியிருக்கும். நாம் துப்புரவு செய்வது அந்த ஆண்டின் செடிகளை மட்டும்தான். அடுத்த ஆண்டின் செடிகள் ஏற்கெனவே மண்ணுக்குள் போய்விட்டன.

செய்ய வேண்டியது எளிது. கார்த்திகை முதல் பங்குனி வரை நான்கு கிழமைக்கு ஒரு தடவை மைதானத்தையோ வளவையோ சுற்றிப் பார்த்து, பூக்கும் முன்னரே வேரோடு பிடுங்க வேண்டும். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது ஆணிவேர் முழுதாக வரும். கையுறை, நீளக் கை உடுப்பு, வாய்மூடி அவசியம். கையுறை இல்லாவிட்டால் கையில் சொப்பிங் பையையாவது மாட்டிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். தொய்வோ தோல் ஒவ்வாமையோ உள்ளவர்களையும் சிறுபிள்ளைகளையும் இந்த வேலையில் இறக்கக்கூடாது.

பூக்காத செடியைக் கூட்டெருக் குழியில் போடலாம். பூத்ததை உதறாமல் பையில் கட்டி, ஆழமாகப் புதைக்க வேண்டும். புல்வெட்டும் இயந்திரத்தால் அரிவது பலரும் செய்யும் பிழை. அடிக்கட்டையிலிருந்து செடி மீண்டும் தளிர்த்து, முன்னரைவிடத் தாழ்வாகப் பூக்கும். பூத்தபின் அரிந்தால் விதை மைதானம் எங்கும் பரவும். இயந்திரத்தில் ஒட்டிய விதை அடுத்த மைதானத்துக்கும் போகும்.

மருந்தும் கிணறும்

மருந்து அடித்தால் ஒரே நாளில் முடிந்துவிடுமே என்று கேட்கலாம். கிளைபோசேற்றுக்கு இலங்கையில் 2015இல் தடை வந்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்த்தப்பட்டது. 2022இல் தடை நீக்கப்பட்டது. ஆனால் அது பார்த்தீனியத்தோடு அறுகம்புல்லையும் கொன்றுவிடும். மீதமாவது வெறுந்தரை. பார்த்தீனியத்துக்கு மிகவும் பிடித்த இடமும் வெறுந்தரைதான். அடுத்த மழைக்கு முதலில் முளைப்பதும் அதுவே.

உப்புக் கரைசல் தெளிப்போரும் உண்டு. உப்பும் புல்லை விட்டுவைக்காது. அதோடு யாழ். குடாநாட்டின் நிலத்தை மறக்கக்கூடாது. இங்கே வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. பல இடங்களில் மெல்லிய மண்படை, அதன் கீழ் வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புக்கல், அதில் தேங்கும் மழைநீர், அதை அள்ளிக் குடிக்கும் நாங்கள். வளவில் ஊற்றுவது கிணற்றுக்குப் போக நெடுந்தூரம் இல்லை. உரத்தாலும் உவராலும் ஏற்கெனவே கெட்டுவரும் நீருக்கு இன்னொன்றைச் சேர்க்கத் தேவையில்லை.

நிலைத்து நிற்கும் மருந்து அடர்ந்த புல்தான். பிடுங்கிய இடத்தில் அறுகம் துண்டுகளை நட்டு, முதல் சில கிழமைகள் தண்ணீர் விட்டால் தரை மூடிக்கொள்ளும். புல்லை அடியோடு ஒட்ட வெட்டாமல் இரண்டு மூன்று விரல் உயரம் விடுவதும், மாடுகள் மேய்ந்து தரையை வெளுக்கவிடாமல் பார்ப்பதும் அதன் பகுதிகள். வேலியோரங்களில் தகரை வளர்ந்தால் விட்டுவிடலாம். அது பார்த்தீனியத்தை நெருக்கி அடக்கக்கூடியது. மைதானத்தை நிரப்ப வெளியிலிருந்து மண்ணோ எருவோ ஏற்றுவதானால், அது எடுக்கப்படும் இடத்தை முதலில் போய்ப் பாருங்கள். உழவு இயந்திரப் பெட்டியில் விதையும் சேர்ந்தே வரும்.

இத்தனையும் செய்தாலும் மதிலுக்கு அப்பால் ஒரு வெறுங்காணி கிடக்கும். உரிமையாளர் கனடாவிலோ இலண்டனிலோ இருப்பார். அவரது காணியில் விளையும் விதையைக் காற்றும் வெள்ளமும் மைதானத்துக்குக் கொண்டுவரும். துப்புரவில்லாத காணிகளுக்கு உள்ளூராட்சி சபைகள் அறிவித்தல் ஒட்டுவது டெங்குக் காலத்தில்தான் கூடுதலாக நடக்கிறது. அந்த அக்கறை பார்த்தீனியத்துக்கும் வேண்டும். ஊர் மைதானத்துக்கு மின்விளக்கும் பார்வையாளர் அரங்கும் அமைக்கப் பணம் அனுப்பும் புலம்பெயர் உறவுகள், தம் சொந்தக் காணியை வருடத்தில் நான்கு தடவை துப்புரவாக்க ஒருவரை ஒழுங்கு செய்தால், அதுவும் அந்த மைதானத்துக்குச் செய்யும் உதவியே.

விளையாட்டுக்கழகங்களும் சனசமூக நிலையங்களும் தமது நாட்காட்டியில் போட்டித் திகதிகளோடு களை பிடுங்கும் நாட்களையும் குறித்துக்கொள்ளலாம். முதல் வெள்ளைப் பூ தெரிவதற்கு முன்பே அந்த நாள் வர வேண்டும்.