துரு நீக்கும் பெட்டியை வீட்டிலேயே செய்யலாம்... ஆற்று மணலை மட்டும் போடக் கூடாது!

மழைக்காலம் முடிந்து கொட்டகையில் கிடக்கும் கருவிகளை வெளியே எடுத்தால், முதலில் கண்ணில் படுவது துருதான். பவர் டில்லரின் போல்ட், விதைப்புக் கருவியின் பல்சக்கரம், டீசல் இன்ஜினின் மூடி என எதையும் துரு விட்டுவைப்பதில்லை. கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளும் வைத்துத் தேய்த்தால் மேல்பரப்பு பளபளக்கும். இடுக்கிலும் குழியிலும் துரு அப்படியே இருக்கும். அதன்மேல் பெயிண்ட் அடித்தால், அடுத்த மழைக்கே உரிந்துவிடும்.

இதற்குப் பட்டறைகளில் உள்ள வழி, 'சாண்ட் பிளாஸ்டிங்'. காற்றழுத்தத்தில் கடினமான துகள்களை வேகமாக வீசினால், கை நுழையாத இடத்துத் துருவும் உதிர்ந்துவிடும். அமெரிக்காவின் பிலடெல்பியாவைச் சேர்ந்த பெஞ்சமின் டில்மன் 1870-ம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். சின்ன உதிரிபாகங்களுக்கான பெட்டியைத் தச்சு வேலையும் கொஞ்சம் தகர வேலையும் தெரிந்த யாரும் செய்துவிடலாம். ஆனால், பெயரில் 'சாண்ட்' இருப்பதால் பலரும் ஆற்று மணலைச் சலித்துப் போட்டுவிடுகிறார்கள். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

மணல் ஏன் கூடாது?

ஆற்று மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ், அதாவது படிக வடிவ சிலிக்கா. இரும்பில் மோதும்போது மணல் உடைந்து, கண்ணுக்கே தெரியாத தூசியாகிறது. மூச்சோடு உள்ளே போகும் அந்தத் தூசி, நுரையீரலின் கடைசிக் காற்றறைகளில் தங்கித் தழும்பாகிறது. இதுதான் சிலிகோசிஸ். தழும்பைக் கரைக்க மருந்து கிடையாது. தூசியை விட்டு விலகிய பிறகும் நோய் வளரலாம். காசநோய் வரும் வாய்ப்பையும் இது கூட்டுகிறது. இருமல், மூச்சிரைப்பு என அறிகுறிகளும் காசநோய் போலவே இருப்பதால், நோயைத் தவறாகக் கணிப்பதும் உண்டு.

பிரிட்டன் 1949-லேயே தொழிற்சாலைகளில் வார்ப்புகளைச் சுத்தம் செய்ய மணல் வீசுவதைத் தடுத்தது. ஜீன்ஸ் துணியை வெளுக்க மணல் அடித்த தொழிலாளர்கள் பலர் சிலிகோசிஸால் பாதிக்கப்பட்டதை அடுத்து, துருக்கி 2009-ல் அதற்குத் தடை போட்டது. இந்தியாவில் 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே சிலிகோசிஸ் இடம்பெற்றிருந்தது. அதாவது, மருத்துவர் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய். ஆனால், வீட்டுக் கொட்டகைக்கு எந்த ஆய்வாளரும் வரப்போவதில்லை. அங்கே பாதுகாப்பு, பெட்டியைச் செய்பவர் கையில்தான் இருக்கிறது.

மணலுக்கு மாற்று

இரும்பு பாகங்களுக்குக் கார்னெட் ஏற்றது. பிளாஸ்டிங் சாமான் விற்கும் கடைகளில் மூட்டையாகக் கிடைக்கும். வாங்கும்போது, 'ஃப்ரீ சிலிக்கா' 1 சதவிகிதத்துக்கும் குறைவு என்று எழுதியிருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். கடினமான துருவுக்கு அலுமினியம் ஆக்ஸைடு துகள் போடலாம். கார்புரேட்டர் போன்ற அலுமினிய பாகங்களுக்குப் பிளாஸ்டிங் வேலைக்கென்றே விற்கும் கண்ணாடி மணிகள் போதும். உலோகத்தை அதிகம் அரிக்காது.

கன்னியாகுமரி, தூத்துக்குடி கடற்கரைகளில் சிவப்பாக ஒதுங்குவதும் கார்னெட்தானே என்று கேட்கலாம். அதில் குவார்ட்ஸும் கலந்தே கிடக்கும். அனுமதியின்றி அள்ளுவதும் குற்றம். தேரிக்காட்டுச் செம்மணலோ, இரும்புச் சத்து படிந்து சிவந்த குவார்ட்ஸ் மணல்தான்.

பெட்டி செய்யும் முறை

8 அடிக்கு 4 அடி அளவுள்ள 12 மி.மீ. பிளைவுட் ஷீட் ஒன்று போதும். இரண்டரை அடி அகலம், 2 அடி ஆழம், 2 அடி உயரத்தில் பெட்டி அமையும். முன்பக்கத்தின் மேல்பாதியைச் சாய்வாக அமைத்து, 5 மி.மீ. கண்ணாடி பதிக்க வேண்டும். துகள் பட்டுக் கண்ணாடி மங்கிவிடும் என்பதால், உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் ஷீட் ஒட்டி, அவ்வப்போது மாற்றிக்கொள்ளலாம். பக்கவாட்டில் கதவு, கதவைச் சுற்றி ரப்பர் பட்டை.

பெட்டியின் அடிப்பாகத்துக்குப் பலகை வேண்டாம். ஜி.ஐ. ஷீட்டைச் செங்குத்துச் சரிவுள்ள புனலாக மடித்துப் பொருத்த வேண்டும். சரிவு குறைந்தால் துகள் கீழே இறங்காது. புனலுக்கு மேலே வலுவான இரும்பு ஜாலி. பாகங்களை வைக்க அதுதான் மேடை.

முன்பக்கத்தில் 15 அங்குல இடைவெளியில் இரண்டு ஓட்டைகள் போட்டு, 6 அங்குல பி.வி.சி. குழாய்த் துண்டுகளைச் செருகி, முழங்கை வரை வரும் கனமான ரப்பர் கையுறைகளைக் கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும். வெளிச்சத்துக்கு 12 வோல்ட் எல்.இ.டி. பட்டை பாதுகாப்பானது. எல்லா மூட்டிலும் சிலிகான் பசை பூச வேண்டும். துகள் உராய்வதால் நிலைமின்சாரம் உண்டாகி 'சுருக்'கென்று அடிக்கும். அதனால் ஜாலியையும் கன்னையும் கம்பியால் எர்த் செய்வது நல்லது.

கன், கம்ப்ரசர்

உறிஞ்சும் வகை கன் போதுமானது. ஸ்பிரே கன்னில் பெயிண்ட் மேலேறுவது போல, காற்று பாயும் வேகத்தில் புனலில் கிடக்கும் துகள் குழாய் வழியே மேலேறி வரும்.

2 ஹெச்.பி. கம்ப்ரசர் நிமிடத்துக்குச் சுமார் 6 முதல் 8 கன அடி காற்று தரும். இதற்கு 2 மி.மீ. காற்றுத் துளையும், 4 முதல் 5 மி.மீ. நாசிலும் உள்ள கன் பொருந்தும். இதைவிடப் பெரிய துளை வைத்தால் டேங்க் உடனே காலியாகும். இரும்புக்கு 60 முதல் 80 பி.எஸ்.ஐ., அலுமினியத்துக்கு 40 முதல் 50 பி.எஸ்.ஐ. அழுத்தம் போதும். காற்றில் ஈரம் இருந்தால் துகள் கட்டிதட்டிக் குழாய் அடைக்கும். ஆகவே, தண்ணீர் பிரிப்பான் வைப்பதுடன், கம்ப்ரசர் டேங்க்கில் தேங்கும் தண்ணீரைத் தினமும் திறந்துவிட வேண்டும்.

தோட்டத்தில் மிச்சம் கிடக்கிறதே என்று பி.வி.சி. பாசனக் குழாயில் காற்றைக் கொண்டு வரக் கூடாது. அழுத்தக் காற்றில் அது வெடித்துச் சில்லுச் சில்லாகச் சிதறும். காற்றுக்கென்று உள்ள ரப்பர் ஹோஸ் மட்டுமே சரி.

தூசியை இழுக்க வேண்டும்

பெட்டியை எவ்வளவு இறுக்கமாகச் செய்தாலும், உள்ளே அடிக்கும் காற்று எங்காவது வெளியேறித்தான் ஆக வேண்டும். அதற்கு வழி வைக்காவிட்டால், இடுக்குகளில் தூசியோடு பீறிடும். அதனால் பின்பக்கத்தில் மேலே ஓர் ஓட்டை போட்டு, அதற்கு முன்னால் தடுப்புத் தகடு வைத்து, 2 அங்குலக் குழாயை மூடியுள்ள பெயின்ட் வாளிக்குக் கொண்டுபோக வேண்டும். வாளியின் பக்கவாட்டில் சாய்வாக நுழையும் காற்று சுழலும்போது கனமான தூசி அடியில் தங்கிவிடும். மூடியின் நடுவிலிருந்து இன்னொரு குழாய், ஹெப்பா ஃபில்டர் உள்ள வேக்குவம் கிளீனருக்குப் போகும். வேக்குவத்தின் வெளிக்காற்று கொட்டகைக்கு வெளியே, ஆட்கள் நடமாட்டமும் மாட்டுத் தொழுவமும் இல்லாத பக்கம் போக வேண்டும். புதுக்காற்று நுழைய, ஓட்டைக்கு எதிர்ப்பக்கம் கீழ்நோக்கிய எல்போ ஒன்று பொருத்தினால் போதும்.

பெட்டி தயாரானதும் இரண்டு சோதனைகள். இரவில் பெட்டிக்குள் விளக்கைப் போட்டு, வெளியே இருட்டாக்கிப் பார்க்க வேண்டும். வெளிச்சம் கசியும் இடமெல்லாம் தூசியும் கசியும். அடுத்து, வேக்குவத்தை ஓடவிட்டு, கதவோரம் ஊதுபத்தியைக் காட்ட வேண்டும். புகை உள்பக்கம் இழுக்கப்பட வேண்டும்.

வேலை செய்யும்போது...

* பாகங்களை டீசலில் கழுவி, சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்த பிறகே பெட்டிக்குள் வைக்க வேண்டும். எண்ணெய் பட்டால் துகள் முழுவதும் வீணாகும்.

* பேரிங், ஆயில் சீல், சிலிண்டர் உள்பரப்பு ஆகியவற்றில் துகள் படவே கூடாது. மரைகளில் போல்ட் முடுக்கி அடைத்துவிட வேண்டும்.

* பழைய பிரேக் லைனிங், கிளட்ச் தட்டுகளில் கல்நார் இருக்கலாம். அவற்றைப் பெட்டிக்குள் கொண்டுபோகவே கூடாது.

* நாசிலைப் பாகத்திலிருந்து 6 அங்குலம் தள்ளி, சாய்வாகப் பிடிக்க வேண்டும். கையை நோக்கித் திருப்பக் கூடாது.

* அடித்து முடித்ததும் வேக்குவத்தைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, பிறகே கதவைத் திறக்க வேண்டும். திறக்கும்போதும், துகளைச் சலிக்கும்போதும் என்-95 முகக்கவசம் கட்டாயம். குழந்தைகள் அருகில் இருக்கக் கூடாது.

* துரு நீங்கிய இரும்பு, ஈரக்காற்றில் சில மணி நேரத்திலேயே மீண்டும் துருப்பிடிக்கும். அன்றே பிரைமர் அடித்துவிட வேண்டும்.

வாசகர் கேள்விகள்

எம்-சாண்டைச் சலித்துப் போடலாமா?

கூடாது. கருங்கல்லை உடைத்துச் செய்வதுதான் எம்-சாண்ட். அதிலும் குவார்ட்ஸ் இருக்கிறது.

மணலை நனைத்துப் போட்டால்?

உறிஞ்சும் கன்னில் ஈர மணல் அடைத்துக்கொள்ளும். காய்ந்ததும் அந்தச் சேறே தூசியாகப் பறக்கும்.

வாயில் துண்டைக் கட்டிக்கொண்டால் போதாதா?

போதாது. நுரையீரலைக் கெடுக்கும் தூசி, துண்டின் இழைகளுக்கிடையே எளிதாகப் புகுந்துவிடும்.

கார்னெட் மீண்டும் பயன்படுமா?

சலித்துச் சில முறை பயன்படுத்தலாம். பொடியானதை ஈரப்படுத்திச் சாக்கில் கட்ட வேண்டும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், வயல், கிணற்றடி, எருக்குழி எதிலும் கொட்டக் கூடாது.