தீம் தம்போலா: சீட்டுல படம் மாறினா கணக்கும் மாறும்

அபார்ட்மென்ட் பொங்கல் விழா, ஆபீஸ் டீம் லஞ்ச், வளைகாப்பு, அறுபதாம் கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரி... எங்கே பத்து குடும்பம் சேர்ந்தாலும் யாராவது ஒருத்தர் தம்போலா சீட்டோட வந்துடறாங்க. சிலருக்கு அது ஹவுசி. அமெரிக்கா போய் வந்தவங்களுக்கு பிங்கோ. இப்பல்லாம் வெறும் எண் சீட்டு போதறதில்லை, தீம் வேணும். நவராத்திரி தீம், இளையராஜா தீம், சமையல் தீம் என்று யாராவது லேப்டாப்ல உட்கார்ந்து சீட்டு தயாரிக்கிறாங்க.

எண்ணை எடுத்துட்டு அந்த இடத்துல படமோ வார்த்தையோ போடறது வெறும் அலங்காரம்னுதான் பலரும் நினைக்கிறாங்க. அப்படி இல்லை. அதோட ஆட்டத்தின் கணக்கு மாறுது, யார் ஜெயிக்க முடியும் என்பதும் மாறுது. எப்படி என்று கொஞ்சம் விவரமா பார்ப்போம்.

எண்ணுக்குப் பேர் வச்ச ஊர்

தம்போலா என்ற பேர் இத்தாலியின் தோம்போலாவிலிருந்து வந்தது. 1734-ல் நேப்பிள்ஸில் லாட்டரி விஷயமா அரசர் சார்லஸுக்கும் கிரெகோரியோ ரோக்கோ என்ற பாதிரியாருக்கும் தகராறு. கடைசியில் கிறிஸ்துமஸ் வாரத்துல மட்டும் லாட்டரியை நிறுத்தறதுன்னு சமரசம் ஆச்சு. மக்கள் சும்மா இருப்பாங்களா? எண்களைக் கூடையில போட்டு வீட்டுக்குள்ளேயே ஆட ஆரம்பிச்சாங்க. தோம்போலா பிறந்த கதை என்று இதைத்தான் சொல்வாங்க.

அதே ஊர்ல ஸ்மோர்ஃபியா என்று ஒரு பட்டியல் உண்டு. 1 முதல் 90 வரை ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு அர்த்தம். 25 என்றால் கிறிஸ்துமஸ், 47 இறந்தவர், 48 பேசுகிற இறந்தவர், 77 பெண்களின் கால்கள், 90 பயம். எண்ணை எடுக்கிறவர் அந்த அர்த்தத்தையும் சேர்த்துச் சொல்வார், வீடே சிரிக்கும். பிரிட்டன்லயும் இப்படி உண்டு. 22 ரெண்டு வாத்து, 88 ரெண்டு குண்டுப் பெண்மணிகள்.

ஆக, தீம் புதுசு இல்லை. ஆனா அங்கே தீம் இருந்தது கூப்பிடுறவர் வாயில. சீட்டுல எப்பவும் போல எண்தான். இந்த வித்தியாசம் முக்கியம்.

90-க்கு 15

நம்ம தம்போலா சீட்டை ஒருதரம் உத்துப் பாருங்க. 3 வரிசை, 9 பத்தி, மொத்தம் 27 கட்டம். ஒரு வரிசைக்கு 5 எண் வீதம் 15 எண், மீதி 12 கட்டம் காலி. முதல் பத்தியில 1 முதல் 9, அடுத்ததுல 10 முதல் 19 என்று போய் கடைசியில 80 முதல் 90. எந்தப் பத்தியும் முழுக்க காலியா இருக்காது. ஒழுங்கா அச்சடிச்ச ஆறு சீட்டு கொண்ட தாள்ல 90 எண்ணும் ஆளுக்கு ஒரே ஒருதரம் வரும்.

90-ல் 15 என்றால் ஆறில் ஒரு பங்கு. ஒரு குறிப்பிட்ட சீட்டு 70 எண் கூப்பிட்ட பிறகு ஃபுல் ஹவுஸ் ஆகியிருக்க வாய்ப்பு வெறும் 1.6 சதவீதம். ஆனா 40 சீட்டு ஆடினா, 70-க்குள்ள யாராவது ஒருத்தர் முடிக்க வாய்ப்பு கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. அதனாலதான் ஆட்டம் கடைசி வரை இழுத்துப் பிடிக்குது. ஜெயிக்கிறதும் பெரும்பாலும் ஒருத்தர்தான்.

ஒரு பாதிரியாரின் புகார்

அமெரிக்காவுல 1929 வாக்கில் எட்வின் லோ என்ற பொம்மை வியாபாரி ஜார்ஜியாவுல ஒரு திருவிழாக் கூடாரத்துல இந்த ஆட்டத்தைப் பார்த்தார். அப்போ அதுக்கு பீனோ என்று பேர், ஏன்னா எண்ணை மூட பீன்ஸ் விதை வச்சாங்க. அவர் அதை பிங்கோ என்ற பேர்ல பெட்டியில போட்டு விற்றார். ரெண்டு டாலர் பெட்டியில 24 அட்டை.

பென்சில்வேனியாவுல இருந்து ஒரு பாதிரியார் அவர்கிட்ட வந்தார். சர்ச் செலவுக்குப் பணம் திரட்ட இந்த ஆட்டம் வச்சோம், ஆனா ஒவ்வொரு ஆட்டத்துலயும் அரை டஜன் பேர் ஜெயிக்கிறாங்க, பரிசு கொடுத்தே கட்டுபடியாகலை என்றாராம். கூட்டம் பெருசு, அட்டை வகை 24-தான், அப்ப ஒரே அட்டை பல பேர் கையில இருக்குமே! லோ கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர் கார்ல் லெஃப்லரைப் பிடிச்சு 6,000 வெவ்வேறு அட்டைகள் போடச் சொன்னார். கம்ப்யூட்டர் இல்லாத காலம். போகப் போக வேலை கஷ்டமாகி அட்டைக்கான கூலியும் ஏறிக்கிட்டே போச்சுன்னு சொல்வாங்க.

கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆச்சு. நம்ம வீட்டு தீம் சீட்டுல வர்ற கோளாறும் இதோட பங்காளிதான்.

30 படம், 24 கட்டம்

வழக்கமா என்ன பண்றோம்? இணையத்துல கிடைக்கிற 5க்கு 5 அட்டையை எடுக்கிறோம். நடுக் கட்டம் இலவசம், மீதி 24. பொங்கல் தீம்னு வச்சுக்கங்க. கரும்பு, மஞ்சள் கொத்து, பானை, கோலம், காளை என்று யோசிச்சு யோசிச்சு எழுதினா 30 தேறும். அந்த 30-ல் இருந்து ஒவ்வொரு சீட்டுக்கும் 24-ஐக் கலைச்சுப் போட்டாச்சு.

இப்ப 20 பேர் ஆடுறாங்க. 27 படம் கூப்பிடற வரைக்கும் ஃபுல் ஹவுஸ் வர வாய்ப்பு பத்துல ஒண்ணுக்கும் கம்மி. 28-வது படத்துக்குள்ள வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. அப்பவும் வரலைன்னா 29-வது படத்துல சராசரியா மூணு நாலு பேர் ஒண்ணா எழுந்து கத்துவாங்க. 30-வதுல எல்லாருமே ஜெயிச்சுடுவாங்க! ஒரு குக்கர் பரிசுக்கு நாலு பேர் நின்னா அதுல ரெண்டு பேர் குழந்தைகளா இருப்பாங்க. அப்புறம் நடக்கிறதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒவ்வொரு சீட்டும் வேற வேறதான், ஆனாலும் பயனில்லை. 24-க்கு 30 என்பதுதான் சிக்கல். எல்லார்கிட்டயும் ஏறக்குறைய ஒரே படங்கள் இருக்கு.

தீர்வு சுலபம். கட்டத்தைக் குறைங்க, பட்டியலைக் கூட்டுங்க. 4க்கு 4, அதாவது 16 கட்டம், பட்டியல்ல 48 சொல். அதே 20 பேர் ஆடினா முதல் ஃபுல் ஹவுஸ் 40, 41-வது அழைப்பு வாக்குல வரும். ரெண்டு பேர் ஒண்ணா வர்றதும் நல்லாவே குறையும். ஒரு அழைப்புக்கு 20 விநாடி வச்சா 14 நிமிஷத்துல ஆட்டம் முடியும். கட்டத்தைப் போல மூணு மடங்கு பட்டியல், இதுதான் குறைந்தபட்ச அளவு.

அதிர்ஷ்டமா, அறிவா?

தம்போலாவில் திறமைக்கு வேலையே இல்லை. ஆறு வயசுப் பேத்திக்கும் எண்பது வயசுப் பாட்டிக்கும் ஐ.ஐ.டி. மாப்பிள்ளைக்கும் ஒரே வாய்ப்பு. வேற எந்த ஆட்டத்துல இது நடக்கும்?

பாட்டு தீம் வச்சா இது உடையுது. பாட்டோட ஆரம்ப இசையைப் போட்டு, படத்தின் பேரை அடிக்கச் சொன்னா, எண்பதுகளின் பாட்டு தெரிஞ்சவங்க மட்டும் முன்னாடி போவாங்க. காலேஜ் பிள்ளைகள் போனை எடுத்துட்டு உட்கார்ந்துடுவாங்க. இங்கிலீஷ்ல எழுதின சீட்டு என்றால் பாட்டி அவுட். வினாடி வினா வேணும்னா தாராளமா வைங்க, நல்ல விஷயம்தான். ஆனா அது வேற ஆட்டம்.

ரெண்டும் வேணும்னா நேப்பிள்ஸ்காரங்க வழி இருக்கு. எண் சீட்டையே வச்சுக்கிட்டு, கூப்பிடறதுல தீமைப் போடுங்க. தமிழ்ல இதுக்குப் பஞ்சமே இல்லை. முருகனின் படை வீடுகள் 6. எட்டுத்தொகை 8. ஆழ்வார்கள் 12. நட்சத்திரங்கள் 27. தமிழ்நாட்டின் மாவட்டங்கள் 38. தமிழ் வருஷங்கள் 60. நாயன்மார்கள் 63. மேளகர்த்தா ராகங்கள் 72. கேள்வியைக் கேட்டு அஞ்சு விநாடி விட்டு எண்ணையும் சொல்லிடணும். தெரிஞ்சவருக்குப் பெருமை, தெரியாதவருக்கும் நஷ்டமில்லை.

நடக்கிறதை வச்சு ஆடுறது

இன்னொரு வகையில கூப்பிட ஆளே கிடையாது. கண் முன்னால நடக்கிறதைப் பார்த்து அடிக்கணும். சிலிக்கான் கிராஃபிக்ஸ் கம்பெனியில டாம் டேவிஸ் 1993-ல் செஞ்ச பஸ்வேர்ட் பிங்கோ இந்த வகை. மீட்டிங்ல மேனேஜர்கள் அடிக்கடி உதிர்க்கிற வார்த்தைகளைக் கட்டத்துல போட்டு ஆடினாங்க. 1996-ல் அல் கோர் எம்.ஐ.டி. பட்டமளிப்பு விழாவுக்கு வந்தப்போ மாணவர்கள் இதே மாதிரி அட்டை அச்சடிச்சு விநியோகிச்சாங்க.

வளைகாப்புல பரிசுப் பொருள் பிரிக்கும்போது இதை ஆடலாம். ஆனா இங்கே எல்லாக் கட்டத்துக்கும் ஒரே வாய்ப்பு இல்லை. குழந்தை டிரெஸ் நிச்சயம் வரும், தொட்டில் சந்தேகம். அதனால பட்டியலை மூணாப் பிரிங்க: கட்டாயம் நடக்கும், நடக்கலாம், அபூர்வம். ஒவ்வொரு சீட்டுக்கும் மூணுல இருந்தும் ஒரே எண்ணிக்கையில எடுங்க, உதாரணமா 6, 6, 4. தம்போலா சீட்டுல பத்திக்கு ஒரு எண்ணாவது கட்டாயம் இருக்கே, அந்த யோசனைதான் இது.

கட்டத்துல எதை எழுதக் கூடாது

"இப்படி ஒருத்தரைக் கண்டுபிடிச்சு கையெழுத்து வாங்கு" என்று ஒரு வகை ஆட்டம் இருக்கு. முன்பின் தெரியாதவங்க பேச ஆரம்பிக்க அருமையான வழி. ஆனா "ரெண்டு குழந்தை உள்ளவர்", "சொந்த வீடு உள்ளவர்", "போன வருஷம் கல்யாணம் ஆனவர்" என்றெல்லாம் எழுதினா, அந்த அறையில யாரோ ஒருத்தர் இருபது தடவை "இல்லைங்க" சொல்ல வேண்டி வரும். குழந்தைக்காகக் காத்திருக்கிறவங்களுக்கு வளைகாப்புக்கு வர்றதே பெரிய விஷயம். சொந்தக்காரங்க கேட்கிற கேள்விகளை வச்சு செய்யற கேலி பிங்கோவும் அப்படித்தான். அந்தக் கேள்வியால அடிபட்டவங்க எதிர்ல உட்கார்ந்திருப்பாங்க. "பச்சை மிளகாயைக் கடிச்சுச் சாப்பிடுறவர்", "ரயில்ல ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டவர்" இப்படி எழுதுங்க. பேச்சும் வளரும், யார் மனசும் நோகாது.

பணம் கட்டி ஆடுறதைத் தவிர்க்கறதும் நல்லது. முழுக்க அதிர்ஷ்டத்தை நம்பின ஆட்டத்துல பணம் நுழைஞ்சா அதுக்குச் சூதாட்டம்னுதான் பேர். சின்னச் சின்னப் பரிசா நிறைய வைங்க: ஜல்தி ஃபைவ், மூணு வரிசை, நாலு மூலை, ரெண்டு ஃபுல் ஹவுஸ். ரெண்டு பேர் ஒண்ணா வந்தா என்ன, தப்பா கத்தினா போகின்னு சீட்டு ரத்தா இல்லையா, ரெண்டையும் முதல் எண் எடுக்கறதுக்கு முன்னாடியே சத்தமா சொல்லிடுங்க.

48 சொல் பட்டியலைக் கொடுத்தா 16 கட்டச் சீட்டுகளை ஒண்ணோட ஒண்ணு அதிகம் ஒட்டாம பிரிச்சுத் தர ஒரு சின்ன பைத்தான் நிரல் போதும். அதை அடுத்த பதிவுல வரி வரியா எழுதறேன். உங்க வீட்டு விசேஷத்துக்கு எண்ணை வச்சுக் கேட்கிற கேள்விகள் ஏதாவது தோணினா அனுப்புங்க. 71 முதல் 90 வரை என்கிட்ட நிறைய ஓட்டை இருக்கு.